கழற்றி வைத்த ஸ்பீக்கர்

வடமதுரை குமரவேல் பொய் சொல்கிறார். என்னிடம் சொன்னார், ஊரில் கேட்கிறவர்களிடம் சொல்கிறார், இப்போது அவருடைய மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அறையில் அந்தப் பெண்ணின் கைக்குழந்தை தூங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் என் வேலையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பேகம்பூரில் பிறந்து வளர்ந்தவன், ஜின் கதை பேசாத வீடு எங்கள் தெருவில் கிடையாது, அதில் ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை. வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். ஸ்பீக்கரில் யாரோ முனகுகிறார்கள் என்று பயந்துபோய்க் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறேன். எர்த் சரியிருக்காது, இல்லை வயர் லூசாக இருக்கும். திருகி முடுக்கினால் பேய் போய்விடும். சத்தம் என்று ஒன்று வந்தால் அது எங்கிருந்தோ வர வேண்டும், அந்த இடத்தைக் கண்டுபிடிப்பவன் நான், இத்தனை வருஷமும் அப்படித்தான் பிழைத்தேன்.

குமரவேல் வெங்காய மண்டி வைத்திருப்பவர். மாடியில் இருந்த ஒரே பெரிய அறையைத் தியேட்டர் ஆக்க வேண்டும் என்று கூப்பிட்டார். ஆள் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"பாய், படத்துல இடி விழுந்துச்சுன்னா எதுத்த வீட்டுக்காரன் எந்திரிச்சு உக்காரணும்."

"அவரு கம்ப்ளெய்ண்ட் குடுத்தா நீங்கதாண்ணே போகணும், நான் வரமாட்டேன்."

"அவன் கெடக்கான். நீங்க மாட்டுங்க."

மாட்டினேன். முன்னால் மூன்று ஸ்பீக்கர், உட்காருகிற சோபாவுக்கு இரண்டு பக்கமும் பின்தள்ளி ஒவ்வொன்று, அதிர்கிற அடிச் சத்தத்துக்கு மூலையில் ஒரு சப் வூஃபர். சோபாவின் இடது பக்கச் சுவரில் துளை போடப் போனபோது அங்கே ஏற்கனவே ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. நல்ல கனமான கொக்கி, ஆள் உயரத்துக்கு மேலே. அதற்கு நேர் கீழே தரை டைல்ஸில் சக்கரம் வைத்த கட்டிலை இழுத்த மாதிரி கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிகளில் வேலை செய்திருக்கிறேன், அந்தக் கோடும், குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுகிற அந்த மாதிரிக் கொக்கியும் எனக்குத் தெரியும்.

"இங்க யாரும் படுத்திருந்தாங்களாண்ணே?" என்று கேட்டேன். வேறு எதற்கும் இல்லை, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"புது ரூம் பாய். கட்டுனதுல இருந்து ஒரு நாய்கூட இங்க படுத்ததில்ல" என்றார். அதுதான் முதல் பொய். எனக்கென்ன, ஸ்பீக்கரை அந்தக் கொக்கியிலேயே மாட்டிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரை மாட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் உட்காருகிற ஆளின் காதிலிருந்து எவ்வளவு தூரம் என்று ரிசீவருக்கு, அதாவது சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிக்கு, தெரிய வேண்டும். அப்போதுதான் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேரும். அதற்கு ஒரு சின்ன மைக் கொடுத்திருப்பார்கள். உட்காருகிற இடத்தில் அதை வைத்துவிட்டால் ரிசீவரே ஸ்பீக்கர்களில் சத்தம் விட்டு, அது மைக்குக்கு வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

மைக்கை வைத்தேன், ஓடவிட்டேன். எல்லாம் சரியாக வந்தது, இடது பக்கப் பின் ஸ்பீக்கர் மட்டும் நான்கடி என்று காட்டியது. டேப் வைத்து அளந்தேன். ஏழடி. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் குழப்பியிருக்கும் என்று மறுபடி ஓடவிட்டேன், இரண்டடி என்றது. நம்பினால் நம்புங்கள், மூன்றாவது முறை அரையடி என்று காட்டியது. ஸ்பீக்கர் கொக்கியில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது, இந்தப் பெட்டியோ அது மைக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்கிறது. மைக் கெட்டுவிட்டது என்று கெட்ட வார்த்தையில் திட்டிப் பிடுங்கி வைத்தேன். அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

சரி, கையாலேயே செட் பண்ணிவிடலாம் என்று மெனுவுக்குள் போனேன். டேப்பில் அளந்த தூரத்தை ஒவ்வொன்றாக நானே போட்டேன். அடுத்தது லெவல். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக டெஸ்ட் டோன் என்று ஒரு சத்தம் விடும், தகரக் கொட்டகையில் மழை பெய்வது மாதிரி ஒரே சீராக உஸ்ஸென்று வரும். சோபாவில் உட்கார்ந்து, கையில் சத்தத்தை அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு எல்லா ஸ்பீக்கரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மீட்டரைப் பார்த்து, "என்ன பாய், மண்டியில மூட்டை எடை போடுற மாதிரி போடுறீங்க" என்று சிரித்துவிட்டு குமரவேல் சாப்பிடக் கீழே போனார். பட்டப்பகல், நல்ல வெயில்.

முன்னால் இருந்த மூன்றும் மழை மாதிரி வந்தன. வலது பக்கம் மழை மாதிரி வந்தது. இடது பக்கம் மட்டும் அப்படி வரவில்லை. அது ஏறியது, இறங்கியது, செத்த நேரம் நின்றது, மறுபடி ஏறியது. சளி கட்டிய நெஞ்சோடு படுத்திருப்பவர்கள் மூச்சு விடுவதைக் கேட்டிருப்பீர்கள், அப்படி. என் காதை நம்ப வேண்டாம், மீட்டரும் அதோடு சேர்ந்து ஏறி ஏறி இறங்கியது. மீட்டருக்கு ஏது பிரமை?

வலது பக்க ஸ்பீக்கரைக் கழற்றி இடது பக்கம் மாட்டிப் பார்த்தேன், அதிலும் மூச்சு. வயரை மாற்றினேன், அப்படியேதான். கடைசியில் வலது பக்கத்தைப் பழையபடி மாட்டிவிட்டு, இடது பக்க ஸ்பீக்கரையே கழற்றித் தரையில் வைத்து, வயரையும் உருவி எடுத்து, மெனுவில் அந்த இடத்தில் ஸ்பீக்கர் இல்லை என்று போட்டேன். அப்படிப் போட்டால் டோன் அந்த இடத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட வேண்டும், அந்தப் பெட்டியின் வேலை அவ்வளவுதான். வலது பக்கம் முடிந்தது. அடுத்து முன் ஸ்பீக்கரில் வர வேண்டும். வரவில்லை. ஒன்றுமே இல்லாத இடது பக்கத்திலிருந்து, கொக்கி மட்டும் இருக்கிற அந்த மொட்டைச் சுவர்ப் பக்கத்திலிருந்து, என் காதுக்கு அரையடியில் மூச்சு வந்தது. மீட்டர் ஏறியது.

எழுந்துவிட்டேன். பயந்துவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் ஓடவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று தெரிய வேண்டும் என்று குமரவேலைக் கூப்பிட்டேன். கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. "உக்காந்து கேட்டுப் பாருங்கண்ணே" என்றேன், அவ்வளவுதான்.

வெற்றிலையை மென்றுகொண்டே வந்து சாய்ந்து உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார். டோன் முன்னால் மூன்றிலும் வந்து வலது பக்கம் போனது. தலையை ஆட்டினார், பிரமாதம் என்கிற மாதிரி. அடுத்து இடது பக்கம் அது வந்தது. ஏறியது, இறங்கியது, நின்றது.

குமரவேல் கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் பக்கமாகத் தலையைக்கூடத் திருப்பவில்லை. பழகிப்போன அலுப்போடு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இந்தா வாரேன், செத்த இரு."

சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

"யாருகிட்டண்ணே பேசுனீங்க?"

"நான் எங்க பேசுனேன்?"

"வாரேன் இருன்னு சொன்னீங்கள்ல?"

"பாய், அதை ஆஃப் பண்ணுங்க. எல்லாத்தையும் கழட்டிருங்க. எனக்குத் தியேட்டரும் வேணாம் ஒன்னும் வேணாம்." அவரே போய் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகும் இடது பக்கத்தைச் சுற்றி வளைத்துத்தான் நடந்து கதவுக்குப் போனார். அதை நான் பார்த்தேன்.

அப்புறம் என்ன, எனக்குப் புது மாடல் ரிசீவர் கைவரவில்லை, செட்டிங் தெரியாமல் பேய்க்கதை கட்டுகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். வேலை போனால் வேறு வேலை வரும்.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். மெயின் போர்டு கதவில் நான் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் நம்பர் பார்த்தாளாம், வாசலுக்கு ஒரு கேமரா மாட்ட வேண்டுமாம். விலாசம் கேட்டால் அதே வீடு, அதே மாடி. தியேட்டருக்காக அடைத்திருந்த ஜன்னல்களைக் குமரவேல் திறந்துவிட்டு, பெயிண்ட் அடித்து, அந்த அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் தேவி, புருஷன் மில்லில் ஷிப்டு வேலை. கேமராவை மாட்டிவிட்டு வயர் இழுக்க உள்ளே போனேன். இடது பக்கச் சுவரை ஒட்டிப் பாய் விரித்துக் குழந்தையைப் போட்டிருந்தாள்.

"ஏம்மா, குழந்தைய இங்க போட்டிருக்க? அந்தப் பக்கம் ஜன்னலு இருக்குல்ல?"

"இந்தப் பக்கம்தாண்ணே காத்து நல்லா வருது. ஜன்னல் பக்கம் போட்டா சிணுங்கிக்கிட்டே கெடக்குறா, இங்க போட்டா அசந்து தூங்குறா."

அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டியது, ஓட்டைகூடக் கிடையாது. குனிந்து குழந்தையின் முகத்துக்கு மேலே கையை நீட்டினேன். காற்று வந்தது. ஈரமாக, வெதுவெதுப்பாக, விட்டு விட்டு வந்தது. மின்விசிறி ஓடவில்லை.

நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நாங்க குடி வந்தப்பவே ஓனரு சொன்னாருண்ணே. ஒரு பாய் வருவாரு, வந்தா கதை விடுவாரு, காதுல வாங்கிக்காதம்மான்னு."

குழந்தையையாவது தள்ளிப் போடு என்றேன். சரிண்ணே என்றாள், போட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு நான்கு தடவை போன் செய்தேன், இப்போது எடுப்பதில்லை. அந்தக் காற்று பட்ட கையை அன்றைக்கு எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன் தெரியுமா? இப்போதும் சோறு பிசையும்போது சில நேரம் உள்ளங்கை வெதுவெதுப்பாகிறது, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

குமரவேல் அண்ணே, நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். என்னைத் தொழில் தெரியாதவன் என்று நாலு பேர் கூடுகிற இடத்தில்தானே சொன்னீர்கள், அதே கடைத்தெருவில் வந்து நின்று இதற்கும் பதில் சொல்லுங்கள், தேவியும் அவள் புருஷனும் பக்கத்தில் இருக்கட்டும். அந்த அறையில் படுத்திருந்தது யார்? அன்றைக்கு நீங்கள் வாரேன் இரு என்று சொன்னது யாரிடம்? படுத்திருந்தவர் உயிரோடு இருந்து கூப்பிட்ட நாட்களில் ஒரு தடவையாவது எழுந்து போனீர்களா, இல்லை அப்போதும் படுத்த இடத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?