ஒரு தரம் அடித்த மணி

எங்கள் தெருவில் அவளுக்கு ஆமை என்று பேர். வைத்தவள் நான்தான். மதில் சூழ்ந்த இந்தப் பழைய ஊரையும் வெளியே உள்ள வயல்வெளியையும் வெளியூர்க்காரர்களுக்குச் சைக்கிளில் சுற்றிக்காட்டுவது அவள் பிழைப்பு. காலையில் மணிக்கூண்டிலிருந்து கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். இதற்கு எதற்கு ஒரு முழு நாள் என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் போகச் சொல்லிவிடுவாள். கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள், அதுதான் எரிச்சல்.

அவளுடைய சைக்கிள்களைப் பழுது பார்ப்பதும் பூட்டி வைப்பதும் என் பட்டறையில். தாய் தகப்பன் போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அவள். தங்கைக்குச் சைக்கிள் பழக்கியது என் வாசலில்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடுவாள். தங்கை வளர்ந்ததும் அக்கா முன்னால் போக, தங்கை கூட்டத்துக்குக் கடைசியில் வர ஆரம்பித்தாள்.

கால்வாய்க்கரைப் பாதை குறுகலானது. முன்னால் போகிறவள் தலையைத் திருப்பினால் சைக்கிளும் கூடவே திரும்பித் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் அக்கா திரும்பிப் பார்ப்பதே இல்லை. எல்லாரும் சரியாக வருகிறார்கள் என்றால் கடைசியிலிருந்து தங்கை ஒரு தரம் மணி அடிப்பாள். யாராவது நின்றுவிட்டால் விடாமல் அடிப்பாள். மதியம் காவல் கோபுரத்தில் வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா மட்டும் முன்னால் போய் மூங்கில் புதர் வளைவில் காலை ஊன்றிக் காத்திருப்பாள். மணி கேட்டால் கூட்டம் கிளம்பிவிட்டது என்று பொருள். உடனே கல்பாலத்துக்குப் போய்ப் பாயை விரித்து, பழத்தை நறுக்கி வைப்பாள்.

இதற்கு நடுவில் ஒரு பயண ஏஜென்சிக்காரர் வந்தார். நெடுஞ்சாலையோரம் புதிதாக ஒரு தோட்ட ஓட்டல் திறந்திருந்தார். கோபுரத்தோடு சுற்றை முடித்துக்கொண்டு ஆட்களை அங்கே கூட்டிவந்தால், திரும்ப வேனில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். பாதி ஊரைக் காட்டி அனுப்ப மாட்டேன் என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். தங்கை டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு பெரிய கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஆள் வரும். முந்தின நாள் அக்கா என்னிடம் வந்து, தங்கைக்கு நல்லதாக ஒரு கியர் சைக்கிள் பார்க்கச் சொன்னாள். பாவம், அந்தப் பழைய வண்டியோடு பின்னால் புழுதி தின்கிறாளாம்.

அன்று மூங்கில் வளைவில் மணி கேட்டது. ஒரே ஒரு தரம். அக்கா பாலத்துக்குப் போனாள், பாய் விரித்தாள். நறுக்கிய பழத்தில் ஈ மொய்க்க ஆரம்பித்தும் ஒருவரும் வரவில்லை. யாரோ கால்வாயில் விழுந்துவிட்டார்கள் என்று பதறி வந்த வழியே மிதித்தாள். வழியெல்லாம் இறங்கி இறங்கித் தண்ணீரை எட்டிப் பார்த்தாளாம். வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் சொன்னார்: அவர்கள் அப்போதே நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டார்கள், உன் தங்கைதான் முன்னால் போனாள்.

ஓட்டலில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கை ஏஜென்சியின் பேர் போட்ட சட்டையோடு நின்றிருந்தாள். சேறு படிந்த காலோடு அக்கா அவளிடம் போனாள். அன்று சாயங்காலம் என் பட்டறையில் உட்கார்ந்து அக்கா சொன்னது இது.

"தண்ணியில விழுந்துட்டியோன்னு தேடினேன்டி."

"உங்கிட்ட சொன்னா ஒத்துக்குவியாக்கா? எத்தனை நாளைக்கு உன் பின்னாடியே வர்றது?"

"போறதுன்னா போ. மணிய ஏன் அடிச்ச?"

"அடிக்கலன்னா நீ திரும்பி வந்திருப்ப."

தங்கை சொன்னதில் நியாயம் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். பின்னாலேயே வருவது அலுத்துப்போகும்தான். விட்டுப் போயிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். நம்பி நிற்கிறவளிடம் எல்லாம் சரி என்று மணியடித்துவிட்டுப் போனது துரோகம். எனக்கு வேறு வார்த்தை தெரியாது.

தங்கை இப்போது ஏஜென்சியோடு இருக்கிறாள், வீட்டுக்கு வருவதில்லை. அக்கா அப்புறம் பட்டறைப் பக்கமே வரவில்லை. நாலு பேர் கேட்டு வந்தபோது, கடைசியில் வர ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு நானே வருகிறேன் என்றேன்.

கோபுரத்தில் வந்தவர்களைக் கிளப்பிவிட்டு ஒரு தரம் மணி அடித்தேன். அவள் மூங்கில் வளைவிலிருந்து பாலத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எங்களிடமே வந்தாள். நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கடைசியில் என் முகத்தையும்.

"எல்லாரும் இருக்கோம், நீ போ" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த திருப்பத்தில் மணி அடித்தேன். மறுபடியும் திரும்பி வந்தாள்.