பத்து மணிக் கொம்பு

நம்புகிறவர்கள் நம்பட்டும். சடைச்சிக்குப் பொய் சொல்ல வராது. பேயைப் பார்த்தேன் என்றுகூட அவள் சொன்னதில்லை. "ஒரு பொம்பளையப் பாத்தேன்" என்றுதான் சாகும்வரை சொன்னாள்.

1931. ஆடி மாதம். இலங்கையில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். சடைச்சி கடல் தாண்டி அங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தைக்கு நாலு மாதம். திங்கட்கிழமை விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு அவள் பிந்தி வந்தாள். இரவெல்லாம் பிள்ளை அழுதிருந்தது. நல்லாண்டிக் கங்காணி காரணம் கேட்கவில்லை.

"மூணு நாளைக்கு ஒனக்குப் பால் நேரம் கெடையாதுடி. கொம்பு ஊதுனாலும் நெரைய விட்டு எறங்கக் கூடாது."

பத்து மணிக்குக் கொம்பு ஊதும். தாய்மார் மலையிறங்கி, கைக்குழந்தைகளை விட்டிருக்கும் பிள்ளைக் காம்பிராவுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தத் திங்களும் செவ்வாயும் மற்றவர்கள் இறங்க, சடைச்சி மட்டும் கொழுந்து கிள்ளிக்கொண்டு நின்றாள். பால் கட்டி, மார் கல்லாகிவிட்டது. சாயங்காலம் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரியெடுத்தாள். அவன் மாரில் வாய் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நாளும் அப்படியேதான். பிள்ளை பார்க்கிற மூக்காயி கஞ்சித் தண்ணீர் புகட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஏழாம் நம்பர் மலை. பள்ளத்தை ஒட்டிய கடைசி நிரை அவளுக்கு. தேயிலை ஆலை ஸ்டோரில் ஒன்பது மணி அடித்தபோதே மூட்டம் இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக்... யாரோ கொழுந்து கிள்ளுகிறார்கள். வெகு வேகமாக.

கடைசி நிரைக்கு அப்பால் ஏது நிரை?

மூட்டம் லேசாக விலகியது. நாலு செடி தள்ளி ஒரு பெண். தலையோடு கம்பளி போர்த்தியிருந்தாள். முகம் தெரியவில்லை. மணிக்கட்டில் பச்சை குத்திய தேள்.

"யாருக்கா அது?"

"வெரசாக் கிள்ளு. பால் கட்டிக்கிச்சு. வலி உசுரு போகுது."

துணைக்கு ஆள் கிடைத்த தெம்பில் சடைச்சி குனிந்து காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கினாள். ஏழெட்டு இருக்கும். ரத்தம் வழிந்தது. அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள்.

ஒரு அட்டைகூட இல்லை.

அவள் கை ஓயாமல் கிள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் செடியில் கொழுந்து அப்படியே இருந்தது. இலையில் நின்ற நீர்கூட உதிரவில்லை...

பத்து மணி. கொம்பு ஊதியது.

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"நீ இரு. ஒன்னைய விடமாட்டான். நான் போய்க் குடுத்துட்டு வர்றேன்."

செடிகளுக்குள் இறங்கினாள். ஒரு கிளை அசையவில்லை.

சடைச்சி கூடையை வீசினாள். ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

கங்காணி குறுக்கே வந்தார். "எங்கடி ஓடுற?"

"அந்தப் பொம்பள... எம் புள்ளகிட்ட..."

"எவ? அந்தப் பக்கம் நீ ஒருத்திதான!"

அவரைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

காம்பிரா வாசலில் மூக்காயி.

"என்னாடி திரும்ப வர்ற? இப்பத்தான குடுத்துட்டுப் போன?"

"நானா?"

"மூணு நாளா நீதான வர்ற. தலையில போத்துன கம்பளியக்கூட எடுக்காம. என்னா குளிரோன்னு நெனச்சேன்..."

தொட்டில்.

பிள்ளையின் கடைவாயில் பால்.

உடம்பு பனிக்கட்டி.

அசைவில்லை.

சடைச்சி அவனை அள்ளி மாரோடு இறுக்கினாள். தேய்த்தாள். ஊதினாள். கத்தினாள். வெகு நேரம் கழித்து... வீறிட்டான்.

பிள்ளை பிழைத்தான். மறுநாள் அவனை முதுகில் கட்டிக்கொண்டே சடைச்சி மலையேறினாள். கங்காணி வழிவிட்டு ஒதுங்கினார். அதன்பின் அவர் எந்தத் தாயையும் நிறுத்தியதில்லை. ஏழாம் நம்பர் மலையில் கால் வைத்ததுமில்லை.

மணிக்கட்டில் பச்சை குத்திய தேள் என்று சடைச்சி சொன்னதும் மூக்காயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளத்தாயிடி அது! போன வருசம் இதே கங்காணி அவளயும் விடல. புள்ள பசியில கத்திக் கத்தி, எங் கையிலதான் செத்துச்சு. அவளுக்குப் புத்தி கலங்கிருச்சு. ஆனா அவ சாகலயே... கப்பல் ஏத்தி ஊருக்குல்ல அனுப்புனாக!"

புரட்டாசியில் துறையூர்ப் பக்கத்திலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி வெள்ளத்தாயிக்கு நாத்தனார். சடைச்சி அவளிடம் கேட்டாள்.

"எங்க அண்ணியா? ஆடியில செத்துட்டா. ஒரு திங்கக்கெழம, விடியறதுக்கு முன்னால. 'கொம்பு ஊதிருச்சு, விடுங்கடா'ன்னு ராத்திரியெல்லாம் ஒரே கத்து."

அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாந்தான் குளிப்பாட்டுனேன். புள்ள செத்து ஒரு வருசமாச்சு... மாருல பாலு நிக்காம வடிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பாடையில வெக்கிற வரைக்கும் நிக்கல."