ரிவால்வருக்குப் பாலிஷ் போட்டார் என் கணவர்

போன வியாழக்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திருட்டில்லை, அடிதடியில்லை. என் கணவர் ஒரு பொருளைச் சுத்தம் செய்துவிட்டார்... அவ்வளவுதான்.

பொருள் — ஒரு ரிவால்வர்.

பதற வேண்டாம், லைசென்ஸ் இருக்கிறது. கொடைக்கானல் மலைக் கிராமமான கிளாவரையில் பூண்டு விவசாயம் பார்த்த என் மாமனார், காட்டு வழியில் போய்வரப் பாதுகாப்புக்கென்று வாங்கியது. அவருக்குப் பிறகு லைசென்ஸ் என் கணவர் பெயருக்கு மாறியது. இவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அதை வைத்து ஒரு காக்காயைக்கூட விரட்டியதில்லை.

கொடைக்கானல் ஈரத்தில் பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையே பூஞ்சை பிடிக்கும். இரும்பு சும்மா இருக்குமா? கறுப்பு போய், திட்டுத்திட்டாகத் துரு. இந்த நேரம் பார்த்துத் தேர்தல் அறிவிப்பு. தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

"இந்தக் கோலத்துலயா கொண்டுபோயி நீட்டுறது? அப்பா பேரு என்னாகும்?" என்றார்.

மதுரையில் இதற்கென்றே கடை இருக்கிறதே, கொடுங்கள் என்றேன். வீடியோ பார்த்துவிட்டாராம். வீட்டிலேயே செய்யலாமாம்.

பத்து நாள்! ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகர் துரு எடுக்கப் போனது. என் ஹேர் டிரையர் ரிவால்வரைக் காயவைக்கப் போனது. சாப்பாட்டு மேஜை முழுக்க உப்புத்தாள், கறுப்பேற்றும் மருந்து, எண்ணெய்த் துணி. சாப்பிடக் கூப்பிட்டால், சோலியாக இருக்கிறாராம். ஒழுகும் குழாயைப் பார்க்க மூன்று மாதமாக நேரம் கிடைக்காத மனிதர்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முடித்தபோது, நீலம் கலந்த கறுப்பில் புத்தம் புதிதாக மின்னியது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஓர் இளம்பெண். லைசென்ஸையும் ரிவால்வரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சார், நம்பர் எங்கங்க?"

இரும்பில் பொறித்திருந்த நம்பரில் முதல் இரண்டு இலக்கம்தான் மிச்சம். மற்றதையெல்லாம் துருவோடு சேர்த்துத் தேய்த்துத் தள்ளியிருந்தார் என் கணவர்.

துப்பாக்கி நம்பரை அழிப்பது குற்றமாம். ஜெயில் வரைக்கும் போகுமாம். எஸ்.ஐ. தணிவாகத்தான் சொன்னார். முப்பது வருடம் பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியவர், தானே நாற்காலியை விட்டு எழுந்து கைகட்டி நின்றார். அதைப் பார்த்ததும் என் பத்து நாள் கோபம் எங்கே போனதோ...

"மேடம், இவருக்கு மறைக்கல்லாம் தெரியாதுங்க. தேய்க்க மட்டுந்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பாருங்க, மேஜையெல்லாம் கறுப்பாத்தான் கெடக்கு," என்றேன். வினிகரில் தொடங்கி ஹேர் டிரையர் வரை ஒன்று விடாமல் சொன்னேன். எஸ்.ஐ.க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே?

திண்டுக்கல்லில் துப்பாக்கி பழுது பார்க்கும் போலீஸ்காரர் ஒருவருக்குப் போன் போட்டார். கைப்பிடிக் கட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார் அவர். ஏட்டு ஸ்க்ரூ டிரைவரோடு மல்லுக்கட்டிக் கழற்றினார். உள்ளே, அதே நம்பர். முழுசாக! திருகு துருப்பிடித்து இறுகியிருந்ததால் என் கணவரால் அந்தப் பக்கம் போக முடியவில்லையாம். கடவுளுக்கு நன்றி.

அப்புறமும் விடவில்லை. அறியாமையால் அழித்துவிட்டேன் என்று அவர் வாக்குமூலம் எழுதித்தர வேண்டும், நேரில் பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

புருஷன் செய்த அசட்டுத்தனத்துக்கு அரசாங்கக் காகிதத்தில் சாட்சிக் கையெழுத்து... எத்தனை மனைவிகளுக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?