நாலாம் கேள்வியும் ஒன்பதாம் கேள்வியும்

கொழும்பிலிருந்து திரும்பி வரும் விண்ணப்பங்களில் ஒரேயொரு முத்திரைதான் இருக்கும்: "ஒழுங்கில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது." அதுவும் சிங்களத்தில். எங்கள் காணிக் கந்தோரில் தலைமைக் கிளாக்கரைத் தவிர வேறு எவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. இருபத்திரண்டு கேள்விகள் உள்ள படிவத்தில் எந்தக் கேள்வியில் பிழை, என்ன பிழை, எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் இராது.

நான் அந்தக் கந்தோருக்கு வந்தது படம் வரைய. தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டுக் கிளிநொச்சிக்கு வந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. குடியேற்றத் திட்டத்தின் வாய்க்கால்களையும் காணித் துண்டுகளையும் நில அளவைப் படத்திலிருந்து பிரதி எடுப்பது வேலை. ஒரு பெட்டை படம் கீறுகிறாளாம் என்று யன்னலால் எட்டிப் பார்க்க முதல் மாதம் ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் மாதம் வரவில்லை. அதன்பின் முன்மேசைக் கிளாக்கர் மாற்றலாகிப் போனார். அவருடைய வேலையும் என் மேசைக்கு வந்தது.

"பிள்ளை, 'ஒழுங்கில்லை' எண்டு சொல்லிக் குடுத்துவிடும். அவ்வளவுதான் எங்கடை வேலை" என்றார் தலைமைக் கிளாக்கர்.

"எது ஒழுங்கில்லை எண்டு கேட்டால், ஐயா?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் இஞ்சை இருக்கிறன்? கொழும்பிலையெல்லோ இருப்பன்."

என்னிடம் முதலில் அப்படிக் கேட்டவர் கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத்திலிருந்து வந்த ஒரு பெண். சித்திரையில் அவருடைய கணவர் வயலில் பாம்பு கடித்து இறந்துபோனார். காணி அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில் இருந்தது. ஆறு மாதத்துக்குள் அதைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் காணி அரசாங்கத்துக்குத் திரும்பும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். நாலு பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் இருந்த துண்டு நிலத்தைத் தமையனுக்குக் கொடுத்துவிட்டு வந்த குடும்பம். திரும்பிப் போக இடமில்லை.

"தங்கச்சி, இது மூண்டாந் தரம்" என்றார். பரந்தன் வரை நடந்து பஸ் ஏறி வந்தவர். சேலைக் கரையில் செம்மண் ஒட்டியிருந்தது. "எதிலை பிழை எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. திருத்திக்கொண்டாறன்."

"தெரியாதக்கா."

"அப்ப ஆருக்குத் தெரியும்?"

படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் பஸ் தரிப்பிடத்தில் மேசை போட்டிருந்த மனு எழுதுபவர். கறுப்புக் கோட்டு ஒன்று வைத்திருந்ததால் சனம் கேலியாக அவரைப் 'பிரக்கிராசியார்' என்று கூப்பிட்டது; நீதிமன்றப் படி ஏறியவரல்ல. அவரிடம் போய்க் கேட்டேன்.

"எங்கை பிழை எண்டு தெரியாட்டி எல்லாத்தையும் மாத்துறதுதான் வழி, தங்கச்சி. ஏதோ ஒண்டு பொருந்தும்தானே" என்றார்.

அதன் விளைவை மூன்று படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கண்டேன். முதற் படிவத்தில் இறந்த திகதி சரியாக இருந்தது. மூன்றாவதில் பிழையாக இருந்தது. பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எழுத்துக் கூட்டலில் இருந்தது. சாட்சிக் கையெழுத்து இரண்டாவதில் இருந்தது, மூன்றாவதில் இல்லை.

கல்லூரியில் எங்கள் வரைபடங்களைத் திருத்தியவர் பிழையான கோட்டைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார். ஓரத்தில் என்ன வேண்டும், என்ன கீறப்பட்டிருக்கிறது என்று இரண்டு வரி எழுதுவார். ஒரு பிழையோடு நிற்க மாட்டார். தாள் முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் திருப்பித் தருவார். ஆனால் ஒரு கோடு சரிந்ததால் அதனோடு சேர்ந்த நாலு கோடுகளும் சரிந்திருந்தால், முதற் கோட்டுக்கு மட்டும்தான் வட்டம். அதைத் திருத்தினால் மற்றவை தானாகத் திருந்தும் என்பார்.

நானும் அப்படியே செய்தேன். அரைத்தாளில் மூன்று நிரல்: கேள்வி இலக்கம், எழுதப்பட்டிருப்பது, எழுதவேண்டியது. பெயர், திகதி, சாட்சி ஆகிய மூன்றும் சுலபம். அதற்குப் பிறகு என்னிடமிருந்த நில அளவைப் படத்தை விரித்தேன். நாலாம் கேள்வியில் காணி இலக்கம் அறுபத்திரண்டு என்றிருந்தது. அனுமதிப்பத்திரத்திலும் அதே இலக்கம். ஆனால் ஒன்பதாம் கேள்வியில் தந்த எல்லைகள் ஐம்பத்தெட்டாம் காணியின் எல்லைகள். பத்தாவதில் பரப்பளவு, பதினோராவதில் மதகு, பன்னிரண்டாவதில் கிணறு ஆகியவையும் ஐம்பத்தெட்டுக்கே பொருந்தின. கொழும்பில் ஒருவர் இவற்றைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பேசாமல் முத்திரையைக் குத்தியிருக்க வேண்டும். ஐந்து பிழை போலத் தெரிந்தாலும் பிழை ஒன்றுதான். அதை மட்டும் எழுதினேன்: "நாலாம் கேள்வியில் உள்ள காணியும் ஒன்பதாம் கேள்வியில் உள்ள காணியும் வேறு வேறு. இரண்டில் எது சரி என்று குறிப்பிடவும்."

காபன் தாள் வைத்து எழுதினேன். மூலம் அந்தப் பெண்ணுக்கு. பிரதியைப் பக்க இலக்கமிட்டு பைலில் கோத்தேன். அப்படிச் செய்யும்படி எவரும் சொல்லவில்லை. அது என் பழக்கம்.

வியாழக்கிழமை அவர் வந்து நின்று துண்டை எழுத்தெழுத்தாக வாசித்தார். முகம் தெளிந்தது.

"இப்பிடி முதலே சொல்லியிருந்தால் மூண்டு மாசம் அலைஞ்சிருப்பனோ?"

"இந்த நாலும் ஒன்பதும்தான் அக்கா, எது சரி?"

"ரெண்டும் சரி, தங்கச்சி."

"ரெண்டும் எப்பிடிச் சரியாகும்?"

"பேர்மிற்றிலை அறுபத்திரண்டு. இருக்கிறது ஐம்பத்தெட்டிலை. முதல் வருசம் சீட்டுக் குலுக்கித் தந்தவையெல்லோ. எங்களுக்கு விழுந்தது அறுபத்திரண்டு, இன்னொரு அண்ணைக்கு ஐம்பத்தெட்டு. அறுபத்திமூண்டிலை இருக்கிறவர் அந்த அண்ணையின்ரை தம்பி. தம்பிக்குப் பக்கத்திலை இருக்கவேணும் எண்டு அண்ணை கேட்டார், எங்கடை இவரும் ஓம் எண்டிட்டார். வெத்திலை மாத்தினவை. வாய்க்கால் சனமே பாத்துக்கொண்டு நிண்டது." சிரித்தார். "எங்கடை வாய்க்காலிலை அரைவாசிப் பேர் மாறினவைதான். உங்கடை ஐயாவுக்கும் தெரியும்."

தலைமைக் கிளாக்கரைப் பார்த்தேன். அவர் பேனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அனுமதியில்லாமல் காணி மாற்றக் கூடாது என்பது அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை. அது எனக்கும் தெரியும். பைல் கொழும்புக்குப் போகும் வெள்ளிக்கிழமைத் தபால் பைக்காகத் தலைமைக் கிளாக்கரின் மேசையில் கிடந்தது. ஒரு நாள் இருந்தது. அந்தப் பிரதியை எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. இலக்கமிட்ட தாளை பைலிலிருந்து கழற்றுவது சரியல்ல என்று நினைத்தேன். அதைவிட, பிழை எங்கே என்று ஒருமுறை தெளிவாகத் தெரிந்தால் அதைத் திருத்திவிடுவார்கள் என்று நம்பினேன். வாய்க்காலில் பாதிப்பேர் செய்ததை ஒரு கையெழுத்தால் ஒழுங்காக்கலாம்தானே என்றும் நினைத்தேன். துண்டைப் பார்த்து அன்றே நிரப்பிய புதுப் படிவத்தில் நாலையும் ஒன்பதையும் தவிர மற்றப் பிழைகளெல்லாம் திருந்தியிருந்தன. தலைமைக் கிளாக்கர் புரட்டிப் பார்த்து, "இப்பதான் பைல் பைல் மாதிரி இருக்கு" என்று பையில் போட்டார். துண்டை அவர் வாசித்தாரா என்று நான் கேட்கவில்லை.

பதில் புரட்டாதிக் கடைசியில் வந்தது. முத்திரை இல்லை. ஆங்கிலத்தில் ஒரு முழுப்பக்கக் கடிதம். அந்தப் பெண்ணுக்கு நான்தான் தமிழில் வாசித்துச் சொன்னேன். நாலாம் கேள்வியில் உள்ள காணியும் ஒன்பதாம் கேள்வியில் உள்ள காணியும் வேறு வேறு என்பதால், நிபந்தனை மீறிக் காணி மாற்றப்பட்டிருப்பது தெரியவருகிறது. ஆகவே பெயர்மாற்றம் மறுக்கப்படுகிறது. அறுபத்திரண்டும் ஐம்பத்தெட்டும் இரண்டு அனுமதிப்பத்திரங்களும் இரத்துச் செய்யப்படும். முதல் வசனம் என்னுடையது, ஆங்கிலமாக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர் அழவில்லை. "ரெண்டும் எண்டால்?" என்று கேட்டார்.

"அந்த அண்ணையின்ரையும், அக்கா."

அவர் சுவரோர மரவாங்கில் போய் இருந்தார். "நான் போய்ச் சொன்னால் நான்தான் காட்டிக்குடுத்தது எண்டு நினைப்பினம்" என்றார். "நீங்கள் வந்து சொல்லுங்கோவன்."

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். பரந்தனில் இறங்கி இருவரும் நடந்தோம். அறுபத்திரண்டாம் காணியில் ஒரு மனிதர் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாய்க்கால் கரையிலேயே நின்றுவிட்டார். நான் கடிதத்தை வாசித்தேன். பிறகு, அந்த மனிதர் கேட்டபடியால், இன்னொரு முறை வாசித்தேன்.

"உந்த நாலும் ஒன்பதும், ஆர் கண்டுபிடிச்சது?"

"நான்தான்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஏசவில்லை. வாய்க்காலில் அன்று காலைதான் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள்.

"விதைநெல் ஊறப்போட்டிட்டன், பிள்ளை" என்றார். "நாளைக்கு விதைக்கிறதோ, விடுறதோ? அதையும் எழுதியிருக்கோ?"

கடிதத்தின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "இல்லை" என்றேன்.