பத்தாயத்துக்குள் வெளிச்சம்

நெல் கொட்டிவைக்கும் எங்கள் வீட்டுப் பத்தாயம் காலியாகக் கிடந்த ஒரு தை மாதத்தில்தான், தண்ணீருக்குள் வெளிச்சம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு அத்தை வந்து இறங்கினாள். கூலித் தகராறில் அறுப்புக்கு ஆள் இறங்கவில்லை. கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்க, வரப்பில் போலீஸ்காரர்கள் காவல் இருந்தார்கள். கேட்ட கூலியைக் கொடுத்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். அப்பா அப்படியெல்லாம் லேசில் இறங்கிவருகிறவர் இல்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். காதுக்கு எட்டாத ஒலியைத் தண்ணீருக்குள் செலுத்தினால் பொடிப் பொடியாகக் குமிழிகள் தோன்றும், அவை நசுங்குகிற கணத்தில் கொதித்து மின்னும் என்பாள். அதையே மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று அவளுக்கு வெறி. அப்பாவோ பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்.

பேராசிரியரிடம் கெஞ்சி வாங்கிவந்த கருவியைக் கூடத்தில் வைத்து, முதலில் வடிகஞ்சியில் ஏதோ உப்பைக் கலந்து ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கஞ்சி நீலமாகிவிட்டது. நான் குதித்தேன்.

“நீலம் போட்டா என் வேட்டிகூடத்தான் நீலமாவும்” என்றார் அப்பா.

“நீலமெல்லாம் போடலண்ணே. குமிழி உடையிற சூட்டுல அந்த உப்பு பிரியுது. அதான் கஞ்சி நிறம் மாறுது.”

“வெளிச்சம்னு சொன்னியே, அது எங்க? வேத்து ஆளு ஒருத்தர் பாத்துட்டு ஆமான்னு சொல்லட்டும், நீ மேல படி. இல்லேன்னா இந்தத் தையிலயே தாலி.”

அந்த வெளிச்சத்துக்குக் கும்மிருட்டு வேண்டும். பட்டப்பகலில் அப்படி இருட்டு எங்கள் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப் பத்தாயத்துக்குள் நானும் அத்தையும் ஏணி வைத்து இறங்கி, கருவியையும் இறக்கி, ஒயரை மேலே இழுத்துவிட்டு, மூடியைப் போட்டுக்கொண்டோம். தூசி உடம்பெல்லாம் அரித்தது. வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் நீலமாய், புகை மாதிரி ஏதோ தெரிந்தது. அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு எந்தத் தீபாவளியிலும் வந்ததில்லை.

என் கூச்சல் கேட்டு அப்பா வந்து தலையை உள்ளே விட்டார். உடனே வெளியே எடுத்தார்.

“வெளிச்சமும் இல்ல, வெங்காயமும் இல்ல.”

இனி வேற்று ஆளுக்கு எங்கே போவது? காலிப் பத்தாயத்துக்குள் இறங்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? அத்தை அன்று சாப்பிடவில்லை.

ஆனால் கருவியின் உறுமல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தது. சர்க்காருக்குக் கட்டாயமாக அளக்க வேண்டிய லெவி நெல்லைக் கொடுக்காமல் பதுக்கி, பத்தாயத்துக்குள்ளேயே மிஷின் வைத்து அரைக்கிறோம் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் உச்சிவெயிலில் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். அப்பா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தாசில்தார் கனத்த மனிதர். மூச்சு வாங்க ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். உள்ளே நெல் இல்லை, கருவியோடு நானும் அத்தையும்தான் இருந்தோம்.

“இறங்கி வந்து பாருங்க சார். மூடியைப் போட்டாத்தான் தெரியும்” என்றாள் அத்தை. அவர் இறங்கியதும் மூடியைப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் கடைசியில் உடைந்துபோனது. “நீங்க ஆமான்னு சொல்லலேன்னா என் படிப்பு இதோட போச்சுங்க.”

இருட்டில் தாசில்தார் செருமினார்.

“தெரியுதும்மா. நல்லாத் தெரியுது.”

குரல் பலகைச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கேட்டது. “அங்க இல்ல சார், பாத்திரம் இந்தப் பக்கம்” என்று நான் ஆரம்பித்ததுமே அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

வெளியே வந்தவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: “நெல்லு இல்ல. வெளிச்சம் இருக்கு. பொண்ணைப் படிக்க வைங்க.”

“சரிங்க” என்றார் அப்பா. தங்கை சொல்லை மறுக்கலாம், தாசில்தார் சொல்லை மறுக்க முடியுமா? அந்த வாரமே அத்தை ரயிலேறினாள். சர்க்காரே பார்த்த வெளிச்சம் என்று நான் தெருத் தெருவாகத் தம்பட்டம் அடித்தேன்.

வெயிலிலிருந்து வந்த கண் கால்மணி நேரமாவது இருட்டில் ஊறினால்தான் அந்த வெளிச்சம் தெரியும் என்று பின்னால் எனக்குப் பாடம் நடத்தியதே அத்தைதான். தாசில்தார் உள்ளே நின்றது ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட இல்லை. ஜீப் கிளம்பும்போது அத்தை வாசல்வரை ஓடிப்போய் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பாத்திரம் இருக்கும் திசைகூடத் தெரியாத மனிதருக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு அன்று கோபம்தான் வந்தது.