என் அழுகையின் நிறம்

வெயில் தாழ்ந்த பிறகும் கிரிவலப் பாதையின் தார் உள்ளங்காலைச் சுடும்; கற்பூரப் புகையும் சுக்கு காபி வாசனையும் மூக்கில் ஏற, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா என்னையும் அக்கா கோமதியையும் வெறுங்காலோடு இழுத்துக்கொண்டு போவாள். வேண்டுதல் அக்கா குணமாக வேண்டும் என்பது. அக்கா யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள், மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள், போதாக்குறைக்கு, "சித்தி குரல் ஆரஞ்சு, பஸ் ஹாரன் சிவப்பு" என்று கண்ணால் கண்டதுபோலச் சொல்வாள். தெருவில் அவளுக்கு "ஒரு மாதிரி" என்று பேர். எனக்கோ அவள்மேல் ஒரே பொறாமை. நமக்கு மட்டும் ஒரு குரலுக்கும் நிறம் தெரியவில்லையே என்று கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஆறு வயதிருக்கும். அடி அண்ணாமலை கோயில் தாண்டியதும் பஞ்சுமிட்டாயைப் பார்த்து நின்றேன். கூட்டம் நகர்ந்ததில் அம்மாவின் கை விட்டுப்போனது. நான் முன்னால் போயிருப்பேன் என்று அம்மா முன்பக்கமாகவே ஓடித் தேடியிருக்கிறாள். மலையை வலம் வரும்போது திரும்பி நடப்பது எங்கள் ஊரில் ஆகாத காரியம். "எதுக்க நடக்கக் கூடாதும்மா" என்று கூட வந்தவர்களும் தடுத்திருக்கிறார்கள். பிள்ளையைத் தொலைத்த பதற்றத்திலும் அவள் கால் பின்பக்கம் திரும்பவில்லை.

அக்காதான் காதைப் பொத்தியிருந்த கைகளை எடுத்தாள். "பின்னாடி ஊதா தெரியுது. அவ அழுதா ஊதா" என்று சொல்லிவிட்டு, அத்தனை ஜனத்துக்கும் எதிராக நடந்தாள். அம்மா பின்னாலேயே ஓடினாள். மைக்குக்கும் மேளத்துக்கும் நடுவில், கரும்புச்சாறு வண்டி ஓரம் நின்று கத்திக்கொண்டிருந்த என்னிடம் அக்கா நேராக வந்து நின்றாள். கட்டிக்கொள்ளவில்லை, தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. "அழாத, கண்ணு கூசுது" என்றாள்.

அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இனிமே இவள மாத்திக் குடுன்னு கேக்க மாட்டேன் சாமி" என்று மலையைப் பார்த்து அழுதாள்.

பிற்பாடு ஒரு டாக்டரம்மா, அக்காவுக்கு இருப்பது ஆட்டிசம் என்றும், சத்தம் நிறமாகத் தெரிவது இப்படிப்பட்டவர்களிடம் கொஞ்சம் ஜாஸ்தி என்றும், நாம் கோட்டைவிடும் சின்னச் சின்ன விஷயங்களை அவர்கள் கண் விடாது என்றும் விளக்கினார். எனக்கென்னவோ அந்த விளக்கத்தைவிட அக்காதான் பெரிசு.

அம்மா போன வருஷம் தவறிவிட்டாள். அக்கா என்னோடு, கிரிவலக் கூட்டம் வாசலைத் தாண்டிப் போகிற செங்கம் ரோட்டு வீட்டில் இருக்கிறாள். பௌர்ணமி வந்தால் சாயங்காலமே ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். போன பௌர்ணமிக்கு, என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"அம்மா பச்சை. இத்தினி ஜனம் போவுது, ஒருத்தர்கிட்டயும் இல்ல."