துடைத்துக் கொடுத்த சட்டி

கொழும்பில் நான் வாடகைக்கு இருந்த வீட்டை எண்பத்துமூன்று கலவரத்தில் எரித்தார்கள். கணினிக் கம்பனி வேலையும் அத்தோடு போயிற்று. ஒரு பையோடு வட்டக்கச்சிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். என் படிப்புக்கு அங்கே என்ன வேலை? பரந்தனில் ஒரு நெல் மில்லில் கணக்கெழுதக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். "கண்டறியாத படிப்பு" என்று சொந்தக்காரர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, கொழும்பில் என்னோடு வேலை செய்த ஒருவன் சிங்கப்பூரிலிருந்து கடிதம் போட்டான். ஸ்கந்தபுரத்துக்காரன், என்னைவிட இளையவன். அவனுடைய கம்பனி கணினிகளைக் கம்பியால் இணைத்து ஒன்றோடொன்று பேச வைக்கிறதாம். இயந்திரத்தை ஆளும் அடிப்படை நிரலான கேர்னலுக்குள், நினைவக இடத்தைக் கொடுத்து வாங்கும் உதவி நிரல்கள் தேவையாம். "எழுதி அனுப்புங்கோ அக்கா. சரிவந்தால் முதலாளி உங்களைக் கூப்பிடுவார்" என்று எழுதியிருந்தான்.

கூப்பிட்டால் போய்விடலாம். அந்த ஒன்றுக்காகத்தான் குசினி மேசை முன்னால் குந்திக்கொண்டு எழுதினேன். கணினி எங்கே இருந்தது? கடதாசியும் பென்சிலும்தான். ஓட்டிப் பார்த்ததெல்லாம் மண்டைக்குள்.

அண்ணனின் மனைவி, என் மச்சாள், மரக்கறி வெட்டியபடி என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சட்டி, பானைக் கணக்கில் சொன்னேன். வரும் செய்தி ஒவ்வொன்றையும் வைக்க ஒரு சட்டி வேண்டும். முதல் நிரல் சட்டியை எடுத்துக் கொடுக்கும். அடுத்தது அந்தச் சட்டியை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று நினைவில் வைத்திருக்கும். கடைசி ஆளும் கைவிட்ட பிறகு மூன்றாவது நிரல் அதைத் துடைத்துத் திரும்ப அடுக்கும். துடைப்பது ஒரே ஒரு வரி. ஆனால் நான் அதிகம் யோசித்தது அதைத்தான். கம்பியில் போகும் செய்திக்கு ஒரு குறைந்த நீளம் உண்டு. செய்தி குட்டையாய் இருந்தால் சட்டியின் மிச்ச இடமும் சேர்ந்தே போகும். அங்கே பழையது ஏதும் கிடந்தால் அதுவும் போகும்.

"வெறுஞ்சட்டியையே திருப்பிக் குடுக்கிறது?" என்றார் மச்சாள்.

"ஓம்."

"விசர்க் கதை. ஒரு பிடி சீனியாவது போட்டுக் குடுக்கவேணும்."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த சட்டி வெறுமையாகத் திரும்பிப் போகாது. கோபக்கார வீடென்றாலும் இரண்டு வாழைப்பழமாவது போகும். வெறுமையாக அனுப்பினால் இனி உங்கள் உறவு வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

"மெஷினுக்குச் சீனி வேண்டாம் மச்சாள்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அனுப்பினேன். முதலில் நல்ல பதில் வந்தது. சில மாதம் கழித்து, வாங்க வந்தவர்களுக்குக் காட்டிய நாளில் உங்கள் நிரல் பிழை விட்டுவிட்டது, இனி உங்களைக் கூப்பிடுவது சரிவராது என்று இரண்டு வரி வந்தது. என்ன பிழை என்று இல்லை. களை பிடுங்கும்போதும் அந்த நிரலைத்தான் மண்டைக்குள் ஓட்டினேன். பிழை அகப்படவில்லை. என் மூளை மழுங்கிவிட்டது என்று நானே நம்பினேன். கடைசியில் வேண்டாமென்ற அந்த மில்லுக்கே வேலைக்குப் போனேன்.

எண்பத்தேழில் ஒப்பந்தம் வந்து பாதை திறந்த பிறகு அவன் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தான். கல்யாணம் சரிவந்திருந்தது. தாய் கொடுத்துவிட்ட பயற்றம் பணியாரத்தை எவர்சில்வர் சட்டியில் கொண்டுவந்து தந்துவிட்டுக் கதிரையில் இருந்தான். தேத்தண்ணி குடித்த உற்சாகத்தில் தானாகவே சொன்னான்.

"கோவிக்கக்கூடாது அக்கா. அந்தத் துடைக்கிற வரியை நான்தான் எடுத்தனான். வேகம் காணாது எண்டு முதலாளி கத்தினார். எடுத்த உடன பறந்தது. ஆனா காட்டின அண்டைக்கு, வாங்க வந்த ஆக்களின்ர இஞ்சினியர் கம்பியில போறதை அப்பிடியே திரையில பாத்தவன். முதலாளி ஒரு சின்ன வணக்கம் அனுப்பினார். அதுக்குப் பின்னால, அந்த ஆக்களிட்ட எவ்வளவு கூடக் கேக்கலாம் எண்டு காலமை அவர் எழுதினதின்ர வாலும் சேந்து போச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆர் எழுதினதெண்டு கேட்டிருப்பாரே?" என்றேன்.

"உங்களைத்தான் சொன்னனான். என்ர வேலை போனா நான் எங்க போறது? நீங்கள் இஞ்ச வீட்டிலதானே இருக்கிறியள்."

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். பழியைக்கூடப் பொறுத்திருப்பேன். இங்கே இருப்பதால் எனக்கு இழக்க ஒன்றுமில்லை என்று நினைத்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவனை அந்த நிமிடம் அடியோடு வெறுத்தேன்.

அவன் எழும்பினான். மச்சாள் பணியாரத்தைக் கொட்டி வைத்துவிட்டு, சட்டிக்குள் போடச் சீனி அள்ளிக்கொண்டு வந்தார். நான் சட்டியை வாங்கினேன். கழுவினேன். ஈரம் போகத் துணியால் துடைத்து, மூடியைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். மச்சாள் சீனியோடு அப்படியே நின்றார்.

பாரம் இல்லாததை உணர்ந்து அவன் மூடியைத் திறந்து பார்த்தான். முகம் கறுத்தது.

"அக்கா, இதென்ன?"

"நான் எழுதினதைத்தான் செய்திருக்கிறன். அம்மாட்டக் கொண்டுபோய்க் குடும். ஏன் வெறுஞ்சட்டி எண்டு கேட்டா, நீரே சொல்லும்."